மீட்டர் கண்ணாடிக்கு வைத்த பொட்டு

அன்று காலை மோட்டார் ரூமில் இருந்தவர்கள் ஐந்து பேர். குடியிருப்போர் சங்கச் செகரட்டரி கோதண்டம் சார். மெக்கானிக் தாஸ் அண்ணன். கேட்டில் உட்காரும் செக்யூரிட்டி மூர்த்தி. மாடிப்படி கூட்டும் பேபி அக்கா. ஐந்தாவது நான். வேறு யாரும் இல்லை. இவ்வளவு திட்டமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிறகு அந்தக் கட்டடத்தில் பாதிப் பேர் தாங்களும் அங்கே நின்றதாகச் சொல்லிக்கொண்டு, நான் பேசியதை ஆளுக்கொரு மாதிரி பேசிக் காட்டினார்கள்.

நடுவில், கோணிச் சாக்கின் மேல், நீச்சல் குளத்து மோட்டார் பிரித்துப் போட்டுக் கிடந்தது. உள்ளே சுற்றியிருக்கிற செம்புக் கம்பி, காயில் என்பார்கள், அது கருகியிருந்தது.

மோட்டார் எரிந்தால் ஒரு வாடை வரும். வெல்லப்பாகும் ரப்பர் செருப்பும் ஒன்றாகத் தீய்ந்தாற்போல. தலைமுடியில் ஏறிக்கொண்டால் இரண்டு முறை தேய்த்துக் குளித்தாலும் போகாது.

"இது உங்க வைண்டிங்தான் தாஸ்," என்றார் கோதண்டம் சார், கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு. "கட்டிக் கொடுத்து ரெண்டு மாசம் முடியல. அதுக்குள்ள கரியாயிடுச்சு."

குந்தி உட்கார்ந்திருந்த தாஸ் அண்ணன் நிமிரவில்லை. "வைண்டிங் இன்னா சார் பண்ணும்? தண்ணி இல்லாம வெறும்னே ஓடிக்கீது. சூட்டுல சீலு உருகிப் பூட்ச்சு. அதுக்கப்பால தண்ணி வந்தப்போ அந்த வழியா உள்ள பூந்து காயில கொளுத்திட்ச்சு. இந்தா, கையில புட்ச்சுப் பாருங்க."

சார் பிடித்துப் பார்க்கவில்லை. "தண்ணி இல்லாம எப்படி ஓடும்? கஸ்தூரி தினம் பார்க்குறாங்க இல்ல? ஏம்மா, நீ பார்க்கலையா?"

நான் கையைப் புடவைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்திருந்தேன். நகக்கண்களில் மஞ்சளாக ஒட்டியிருந்தது. விடிந்ததும் முதல் ஆளாக வந்து, ஈரத்துணியும் பழைய பல் பிரஷும் வைத்து, மோட்டாரின் கண்ணாடி மூடியிலும் பிரஷர் மீட்டரிலும் இருந்த சந்தனத்தை நான்தான் துடைத்து எடுத்திருந்தேன். அந்தச் சந்தனம்தான் மோட்டாரைக் கொன்றது என்று அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பார்த்தேன் சார்," என்றேன்.

அது பொய்.

குளத்தை அல்ல

போன வாரம் இந்தப் பத்தியில், குளத்துப் படியில் வழுக்கி விழுந்ததை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, நீச்சல் தெரியாத நீங்கள் எப்படிக் குளத்தைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டிருந்தார். நான் குளத்தைப் பார்த்துக்கொள்வதில்லை அம்மா. மோட்டாரைத்தான் பார்த்துக்கொள்கிறேன். அந்தத் தண்ணீரில் முழங்காலுக்கு மேல் நான் இறங்கியதில்லை.

டோல்கேட்டுக்குப் பக்கத்தில், முன்பு குடோனாக இருந்த இடத்தில் கட்டிய அடுக்குமாடி அது. நான் சேர்ந்தது கூட்டிப் பெருக்கத்தான். மோட்டார் பார்த்துக்கொண்டிருந்த ஆள் ஒரு சம்பள நாளுக்கு மறுநாள் சொல்லாமல் நின்றுவிட்டார். ஒரு வாரத்தில் குளம் வெந்தயக்கீரை நிறத்துக்கு வந்தது. "சுவிட்சு போடணும், அணைக்கணும், அவ்ளோதான், நீயே பண்ணும்மா" என்றார் கோதண்டம் சார். சம்பளத்தில் ஆயிரத்து ஐந்நூறு கூடுகிறது என்று ஒத்துக்கொண்டேன்.

அவ்வளவுதான் இல்லை. ஒரு வேலையை அவ்வளவுதான் என்று சொல்பவர்கள் அதைச் செய்து பார்க்காதவர்கள்.

எனக்குக் கவலைப்படுகிற புத்தி. பிறவியிலேயே வந்தது. கேஸ் அடுப்பை மூடினேனா என்று மூன்று முறை பார்ப்பேன். மோட்டார் வேலைக்கு வந்த பிறகு அதோடு இதுவும் சேர்ந்துகொண்டது. ஷேர் ஆட்டோவில் காலடிப்பேட்டை வரை போய், வீட்டுத் தெருமுனையில் இறங்கி, அடுத்த ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்து, சுவிட்ச் அணைத்துத்தான் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போன நாட்கள் உண்டு. ஒரு நாளும் அது அணைக்காமல் இருந்ததில்லை. இருபது ரூபாய் ஆட்டோவுக்குப் போனதுதான்.

மூர்த்தி என்னைக் கண்டதும் கேட்டைத் திறந்துகொண்டே கேட்பார். "இன்னாம்மா, மோட்டாரு பால் குட்ச்சுதான்னு பாக்க வந்தியா?"

ஒரு சொம்புத் தண்ணீர்

நான் ஏழாவதோடு நின்றவள். அதற்கும் ஒரு பம்புதான் காரணம் என்றால் சிரிப்பீர்கள்.

எங்கள் தெருவில் ஒரு கைப்பம்பு இருந்தது. நாற்பது வீட்டுக்கு ஒன்று. உள்ளே இருந்த வாஷர் தேய்ந்துபோய், இரவெல்லாம் சும்மா நின்றால் காலையில் காற்றைத்தான் அடிக்கும். மேலே ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, அது இறங்குவதற்குள் வேகமாக அடிக்க வேண்டும். அப்போதுதான் கீழே இருக்கிற தண்ணீர் மேலே வரும். ஆனால் தண்ணீர் பிடிக்க வருபவளிடம் ஊற்றத் தண்ணீர் ஏது? முதல் நாளே ஒரு சொம்பு எடுத்து வைத்தவள்தான் வரிசையில் முதல். எங்கள் வீட்டில் அது என் வேலை. சொம்பை யாராவது கவிழ்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் ஐந்து மணிக்கே எழுந்து பம்படிக்குப் போய் நிற்பேன்.

நான்கு குடம் பிடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவதற்குள் பிரேயர் முடிந்திருக்கும். தாமதமாக வந்தவர்கள் வெயிலில் நிற்க வேண்டும். வாரத்தில் நாலு நாள் நான் வெளியே. உள்ளே என்ன பாடம் என்று தெரியாமல் பரீட்சை எழுதப் பயம். பயந்து ஒரு நாள் போகவில்லை. பிறகு போகாததற்கு என்ன சொல்வது என்று பயம். அப்படியே நின்றுவிட்டேன். யாரும் வந்து கூப்பிடவும் இல்லை.

ஆனால் அந்த ஒரு சொம்புத் தண்ணீர் எனக்குப் பின்னால் உதவியது. குளத்து மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்று முதல் முறை தகராறு செய்தபோது, தாஸ் அண்ணன் முன்பக்கத்து மூடியைத் திறந்து, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, மூடி, ஓடவிட்டார். வந்தது. "ஏர் புட்ச்சிகினா இப்டித்தான்," என்றார். எனக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அதே கைப்பம்பு. கரண்டு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சத்தம்

எங்கள் பக்கத்தில் பம்பையும் மோட்டார் என்றுதான் சொல்வோம். இரண்டும் ஒட்டிப் பிறந்தவை.

குளத்து மோட்டாருக்கு முன்னால் ஒரு குப்பைக் கூடை உண்டு, உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடி மாதிரி மூடி போட்டது. குளத்திலிருந்து வருகிற தண்ணீர் அதன் வழியாகத்தான் போக வேண்டும். அந்தக் கூடையைத் தினம் எடுத்துக் கொட்டுவேன். ஹேர்பின், ஸ்டிக்கர் பொட்டு, காயத்துக்கு ஒட்டிய பிளாஸ்திரி, மாங்கொட்டை ஒருமுறை. எப்போதும் இருப்பது காற்றில் வந்து விழுகிற கரித்தூள். மழைக்காலம் தவிர மற்ற நாளெல்லாம் அது கூடையின் அடியில் கண்மை போலப் படிந்திருக்கும்.

மூடிக்கு அடியில் ஒரு ரப்பர் வளையம். அது காய்ந்தால் காற்று புகும். முதலில் நான் தேங்காய் எண்ணெய் தடவினேன். வளையம் ஊறி, பருத்து, மூடி உட்காரவே இல்லை. தாஸ் அண்ணன் பார்த்துவிட்டு, "தலைக்குத் தடவுறத அதுக்குத் தடவாத, அதுக்குன்னு கிரீசு கீது" என்று சின்ன டப்பா ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மற்றதெல்லாம் சத்தத்தில் தெரியும். சுவிட்ச் போட்டதும் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே சுற்றாமல் நின்றால் கண்டென்சர் போய்விட்டது. உடனே அணைக்க வேண்டும், இரண்டாம் முறை போட்டுப் பார்க்கக் கூடாது. தகர டப்பாவில் கூழாங்கல் போட்டு ஆட்டினாற்போல் வந்தால் போதுமான தண்ணீர் வரவில்லை. கூடை அடைத்திருக்கும், இல்லை, குளத்தில் மட்டம் இறங்கியிருக்கும். கத்தி தீட்டுகிற மாதிரி கீச்சென்றால் பேரிங். சத்தமே இல்லாமல் டப்பென்று சுவிட்ச் கீழே விழுந்தால் எங்கோ தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்போது கையை வைக்காதே, என்னைக் கூப்பிடு என்பார் தாஸ் அண்ணன்.

அந்தப் பக்கம் ஆளுயர மணல் ஃபில்டர். அதன் தலையில் பிரஷர் மீட்டர். முள் பதினைந்தில் நின்றால் நல்லது. இருபத்தைந்துக்கு ஏறினால் மணலில் அழுக்கு சேர்ந்துவிட்டது, தண்ணீரைத் திருப்பி விட்டு அலச வேண்டும். கீழே விழுந்து கிடந்தால் மோட்டாருக்குத் தண்ணீரே வரவில்லை.

ஆக, மூடியைப் பார், மீட்டரைப் பார். உள்ளே தண்ணீர் நிறைந்து அசையாமல் இருக்கிறதா, நுரைத்துக் குமிழி விடுகிறதா என்று மூடி சொல்லும். மீதியை முள் சொல்லும். பள்ளிக்கூடத்தில் விட்டதை இங்கே படிக்கிறேன் என்று ஒரு நினைப்பு எனக்கு. பெருமை என்று சொல்ல மாட்டேன். பயம் கொஞ்சம் குறைந்த நேரம், அவ்வளவுதான்.

பூஜை

அந்த வருடம் ஆயுத பூஜைக்குச் சில வாரம் முன்னால் மோட்டார் ஒருமுறை படுத்துவிட்டது. பழைய காயில். தாஸ் அண்ணன் எடுத்துப் போய்ப் புதிதாகக் கட்டிக் கொண்டுவந்து மாட்டினார். ஆறு மாதத்துக்கு ஒன்றும் ஆகாது, ஏதாவது ஆனால் என் பொறுப்பு என்று வாய்ச் சொல். சங்கத்தில் பாதிப் பணம் கொடுத்தார்கள். மீதியைப் பார்த்துத் தருகிறோம் என்றார்கள்.

புதுக் காயில் ஆயிற்றே என்று பூஜைக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. மோட்டாரைச் சோப்புப் போட்டுத் துடைத்தேன். சந்தனப் பவுடரைப் பன்னீரில் கெட்டியாகக் குழைத்து, உடம்பு முழுக்கப் பட்டை போட்டேன். சுவிட்ச் பெட்டிக்கு மூன்று பொட்டு. கண்ணாடி மூடி வட்டமாக, தாம்பாளம் மாதிரி இருந்ததால் அதை விட மனசில்லை. முழுக்கப் பூசி, நடுவில் குங்குமம் வைத்தேன். சாமந்திச் சரம் ஒன்று.

"மோட்டாருக்கு வளகாப்பா டீ?" என்று கேட்டாள் பேபி அக்கா, பொரியைக் கொறித்தபடி. "எத்தினி மாசம்?"

கோதண்டம் சார் சூடம் காட்டும்போது வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பிறகு ஃபில்டரின் தலையைப் பார்த்து, "அதுக்கு வைக்கலையேம்மா, மூஞ்சி மாதிரி இருக்கு பாரு, ஒரு பெரிய பொட்டா வை" என்றார். மீட்டர் கண்ணாடியில் உள்ளங்கைச் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்தேன். சார் செல்போனில் படம் எடுத்தார். அன்று மாலைக்குள் கட்டடத்து வாட்ஸ்அப் குரூப்பில் அறுபது வீட்டுக்காரர்கள் கும்பிடுகிற கை போட்டிருந்தார்கள். மூன்றாவது மாடி அம்மா ஒருவர் என்னைப் பார்த்து, "உங்க கை ராசி கஸ்தூரி" என்றார். எனக்குத் தூக்கம் வராத அளவுக்குச் சந்தோஷம்.

மோட்டார் ரூமில் எப்போதும் சூடு. சந்தனம் இரண்டு நாளில் சிமெண்டு மாதிரி இறுகிவிட்டது. பூஜைக்கு வைத்ததைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்று எங்கள் வீட்டில் பழக்கம். தையல் மெஷினில், சைக்கிளில், பீரோவில் எல்லாம் பொங்கல் வரை அது இருக்கும். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. ஆனால் பீரோவுக்குள் குமிழி வருகிறதா என்று யாரும் தினம் பார்ப்பதில்லை.

எனக்குத் தெரியாமல் இல்லை. இதை நான் ஒளிக்கவில்லை. மூடி மறைந்துவிட்டதே, துடைத்துவிடலாமா என்று ஒவ்வொரு நாளும் யோசித்தேன். ஒரு நாள் துணியை நனைத்துக்கொண்டு கிட்டே போனேன். நான் துடைத்த அன்றைக்கே எரிந்துவிட்டால்? தாஸ் அண்ணன் கட்டிய காயில், என் கையால் தானே போனது என்று வராதா? துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு வந்தேன். இவ்வளவு கவலைப்படுகிறவள், கவலைப்பட வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றுக்குக் கவலைப்பட்டேன். என் வாழ்க்கையில் பல விஷயம் இப்படித்தான் நடந்திருக்கிறது.

நாலு விரல்

பூஜை முடிந்து பத்து நாள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் பிறந்தநாள். குளத்தில் பிள்ளைகள் நாள் முழுக்கக் குதித்துத் தண்ணீரை வெளியே வாரி இறைத்துவிட்டன. மட்டம் நாலு விரல் இறங்கிவிட்டது. நாலு விரல் என்பது பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. குளத்தின் பக்கச் சுவரில் தண்ணீரை இழுக்கிற சதுர வாய் ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் தெரியும். மட்டம் அதற்குக் கீழே போனால் மோட்டார் காற்றை இழுக்கும்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு வந்தேன். கரண்டு இல்லை. பக்கத்திலேயே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் இரைச்சலில் நம் பேச்சே நமக்குக் கேட்காது. சுவிட்சைப் போட்டேன். கூழாங்கல் சத்தம் வந்திருக்கும். கேட்கவில்லை. மூடியைப் பார்த்தேன், சந்தனம். மீட்டரைப் பார்த்தேன், பொட்டு. கைகூப்பிவிட்டு மாடிப்படிக்குப் போய்விட்டேன்.

மூன்று மணி நேரம் அது காற்றைக் குடித்து ஓடியிருக்கிறது. ஒன்பது மணிக்கு வந்து அணைத்தபோது பக்கத்தில் நின்றால் சூடு முகத்தில் அடித்தது. புதுக் காயில், சூடாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்தரைக்குத் தண்ணீர் லாரி வந்து குளத்தை நிரப்பியது. நாலு மணிக்கு மறுபடி போட்டேன். அரை மணியில் டப்பென்றது. அந்த வாடை வந்தது.

மறுநாள் விடியற்காலையில் பல் பிரஷோடு வந்து நின்றேன். அதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பார்க்கவில்லை

"பார்த்தேன்னு சொல்றாங்களே," என்றார் கோதண்டம் சார். "அப்புறம் என்ன? தாஸ், மீதிப் பணம் கிடையாது. இதை நீங்க இலவசமாத்தான் கட்டித் தரணும். இன்னொண்ணும் சொல்றேன். இந்த ரோட்டுல இருக்குற அஞ்சு கட்டடத்து செகரட்டரியும் ஒரே குரூப்புல இருக்கோம். எல்லாரும் உங்களைத்தான் கூப்பிடுறாங்க. உங்க வேலை இப்படின்னு நான் போட்டாகணும்."

தாஸ் அண்ணன் அப்போதுதான் நிமிர்ந்தார். கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். அவருக்கு இந்த ரோட்டுக் கட்டடங்களை விட்டால் மீன்பிடிப் படகு எஞ்சின் வேலைதான். அதுவும் தடைக்காலத்தில் இல்லை. வீட்டில் இரண்டு பேர் காலேஜ் படிக்கிறார்கள்.

"சார், அதெல்லாம் போடாதீங்க," என்றார். கெஞ்சுவதுபோல் இல்லை. அசதியாகச் சொன்னார்.

சார் போனை எடுத்துவிட்டார்.

சொன்னால் வேலை போகும். வாடகை, பையனுக்கு ஐ.டி.ஐ. பீஸ், சீட்டுப் பணம் எல்லாம் வரிசையாகக் கண்ணுக்குள் வந்து நின்றன. சொல்லாவிட்டால் இந்த மனிதரின் பெயர் ஐந்து கட்டடத்துக்குப் போகும். எதற்கு அதிகம் பயப்படுவது என்று தெரியாமல் நின்றேன். பிறகு தலைப்பிலிருந்து கையை வெளியே எடுத்துவிட்டேன்.

"நான் பார்க்கல சார். மூடி மேல சந்தனம் இருந்துச்சு, உள்ள தெரியல. மீட்டர் மேலயும் இருந்துச்சு. பூஜைக்கு நான்தான் பூசினேன். இன்னிக்குக் காலையிலதான் தொடச்சேன். அண்ணன் மேல தப்பு இல்ல."

மூர்த்தி கேட் பக்கம் திரும்பிப் பார்த்தார், யாரோ வருகிற மாதிரி. யாரும் வரவில்லை.

கோதண்டம் சார் சிரித்தார். அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. "என்னம்மா நீ. சந்தனம் வச்சா மோட்டார் எரியுமா? ஊர் உலகத்துல யாரும் பூஜை பண்றதில்லையா?"

"உள்ள தெரியல சார். குமிழி வந்தது தெரிஞ்சிருந்தா நான் அணைச்சிருப்பேன்."

"உனக்கு இரக்க மனசு, அவரைக் காப்பாத்தப் பார்க்குற. பூஜை பண்ணதால மோட்டார் போச்சுன்னு நான் பொதுக்குழுவுல எழுந்து சொல்ல முடியுமா? கேலி பண்ண மாட்டாங்க? கேரண்டி இருக்கு, அவர் கட்டித் தருவார், முடிஞ்சுது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தப்பு என்னுடையது என்றால் சங்கம் செலவு செய்ய வேண்டும். தாஸ் அண்ணனுடையது என்றால் செலவே இல்லை. நான் சொன்னது நிஜமா பொய்யா என்பது அங்கே பேச்சே இல்லை. இதைப் படித்தால் சார் கோபித்துக்கொள்வார் என்று எழுதும்போதே பயமாக இருக்கிறது. ஆனாலும் நடந்தது இதுதான்.

பேபி அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "மீட்டருக்குப் பொட்டு வைன்னு சொன்னதே நீங்கதான சார்? போட்டா கூட புட்ச்சீங்களே. குரூப்புல இன்னும் கீது. அந்தம்மா தான் பண்ணத ஒத்துக்குது, உங்களுக்கு அது கூட ஆவலயா?"

"நீ போய் படியக் கூட்டு," என்றார் சார்.

"கூட்டிட்டுத்தான் வந்தேன்."

சார் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குரூப்பில் எதையும் போடவில்லை. அன்றும் போடவில்லை, பிறகும் போடவில்லை. பேபி அக்காவுக்கு அதற்காக நான் ஒரு நன்றி கூடச் சொன்னதில்லை, சொன்னால் அதற்கும் கிண்டல் செய்வாள். ஆனால் பணத்தில் சார் இறங்கவில்லை. "ரெண்டு நாள்ல மாட்டிடுங்க தாஸ். பிள்ளைங்க கேட்குறாங்க," என்று சொல்லிவிட்டு லிஃப்ட் பக்கம் போனார்.

கேட்டுக்கு வெளியே

தாஸ் அண்ணன் மோட்டாரைச் சாக்கோடு சுற்றி மொபெட்டின் முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான் பின்னாலேயே போனேன்.

"மன்ச்சுக்கங்கண்ணா."

"மூடிய தொறந்தப்பவே தெரிஞ்சிகிச்சு," என்றார் கயிற்றை இழுத்தபடி. "மேல தொடச்சிக்கீற. வளையத்துக்குக் கீய தொடைக்கல. மஞ்சளா கீது."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"சொன்னா இன்னா ஆவும்? உன்ன தூக்குவான். வேற ஆளப் போடுவான். அவன் அவனோட தோஸ்து ஒருத்தன மெக்கானிக்குன்னு இட்டுகினு வருவான். அப்போ எனக்கும்தான் இந்த வூட்டு வாசல் இல்ல." கயிற்றை முடிச்சுப் போட்டார். "ஒனக்காகன்னு நெனச்சுக்காத. பேரு கெட்டுடும்னு சொன்னான் பாரு, அப்போதான் பேஜாராப் பூட்ச்சு. நானே சொல்லி இருப்பேன். நீ முந்திகின."

அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் நிம்மதிதான் வந்தது. நல்லவர் என்று ஒருவரை நினைத்துவிட்டால் கடன் இன்னும் கனமாகிவிடும்.

"காயிலுக்கு எவ்ளோண்ணா ஆவும்? அந்த மீதிப் பணமும் சேர்த்து?"

"ஒனக்கு இன்னாத்துக்கு அந்தக் கணக்கு?"

"சொல்லுங்க."

கம்பி, சீல், பேரிங், சங்கம் தராத மீதி எல்லாம் சேர்த்து ஐயாயிரத்து முந்நூறு என்றார். கூலியை அவர் சேர்க்கவில்லை. நான் கொடுக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். அன்று மாலை போன் செய்து கொடுக்கிறேன் என்றேன். மறுநாள் காலை மறுபடி செய்தேன். மூன்றாம் முறை அவர் மனைவி எடுத்தார். பின்னால் தாஸ் அண்ணன் சொல்வது எனக்குக் கேட்டது: "வாங்கிக்கறேன்னு சொல்லு. இல்லாங்காட்டி அது தூங்காது, நம்மளையும் தூங்க வுடாது."

இரண்டு நாளில் மோட்டாரைக் கட்டி மாட்டினார். நான் மூடியைத் திறந்து ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன், அவர் சுவிட்சைப் போட்டார். உள்ளே நுரைத்தது, பிறகு அடங்கி, தண்ணீர் அசையாமல் நின்றது. முள் பதினைந்துக்கு வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பணத்தைப் போனில் அனுப்ப எனக்குப் பயம், எண் மாறிப்போகும். டோல்கேட்டுக்குப் பின்சந்தில் இருக்கிற அவர் கடைக்கு நடந்து போய்க் கையில் கொடுப்பேன். மாதம் ஐந்நூறு என்று நான்கு மாதம் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். பிறகு பையனுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். அந்த மாதம் கொடுக்கவில்லை. அடுத்த மாதம், கொடுக்காததற்கு என்ன சொல்வது என்று பயந்து அந்தச் சந்துப் பக்கமே போகவில்லை. அதற்கடுத்த மாதமும் அப்படித்தான். கட்டடத்துக்கு வேலையாக வரும்போது பார்க்கிறோம். தண்ணீர் மட்டம் கேட்கிறார், வளையத்துக்குக் கிரீஸ் போட்டாயா என்று கேட்கிறார். அதை மட்டும் கேட்பதில்லை.

மூவாயிரத்து முந்நூறு ரூபாய் இன்னும் தர வேண்டும்.